மருந்தென்று எண்ணப்படாத குளிசைகள்

மலர்க்குழுவினர் கட்டுரையொன்று வேண்டியபோது, விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதுவேனென்றே எதிர்பார்த்திருப்பர். அதனை என்னினும் சுவைபட எழுத வல்லார் இம்மலரிற் பலருளர். பற்களை ஒழுங்குபடுத்தும் வைத்தியனாகிய நான், எம் தொழிலிற் போதிய கவனம் பெறாத ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

கம்பி கட்டினாற் பல் நகருமென்பதை யாவரும் அறிவர். ஆயின் கம்பி பல்லை இழுக்கின்றதென்பது பாதி உண்மையே. பல்லின் வேருக்கும் தாடையென்புக்குமிடையே மெல்லிய இழையமொன்றுளது. அது அமுக்கப்படும் பக்கத்தில் ஒருவகைக் கலங்கள் என்பை அரித்து வழிவிடுகின்றன. மறுபக்கத்தில் வேறு கலங்கள் புதிய என்பை இட்டு நிரப்புகின்றன. சுவீடன் நாட்டுச் சான்ட்ஸ்டெட் என்பார் நாய்களில் ஆராய்ந்து, 1904, 1905ஆம் ஆண்டுகளில் இதனை எழுதினார். ஆகவே பல்லை நகர்த்துவது உடம்பே. நாம் தூண்டிவிடுகின்றோம், அவ்வளவே.

அத்தூண்டுதலைக் கலங்களுக்கு உணர்த்தும் பொருள்களுள் புரொஸ்ரகிளாண்டின் ஒன்று. நோவை மிகுவிப்பதும் அதுவே. அஸ்பிரின் போன்றவை அதன் ஆக்கத்தைத் தடுத்தே நோவைத் தணிக்கின்றனவென்று ஜோன் வேன் 1971இற் காட்டினார். 1982இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். எனவே நோவைத் தணிக்கும் அஸ்பிரினும் இபுபுரோபனும் டைக்குளோபெனக்கும் பல்லின் நடையையும் தளர்த்தக்கூடும். ஆய்வுகளிற் பெரும்பாலானவை விலங்குகளிற் செய்யப்பட்டவை. ஓரிரு குளிசைகளுக்காக எவரும் அஞ்சவேண்டியதில்லை. நாட்கணக்கில், மாதக்கணக்கில் விழுங்குவதே கேள்விக்குரியது. நாம் பனடோல் என வழங்கும் பரசிட்டமோல் பல்லின் அசைவை அவ்வளவாகத் தடுப்பதாகத் தெரியவில்லை. கம்பி முறுக்கிய இரவில் நோவுக்கு அதனையே நான் சொல்வது வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவியொருத்தியைத் தாயார் அழைத்து வந்தார். வேறோரிடத்திற் கம்பி கட்டி ஒன்றரை ஆண்டாகியும் பல் பிடுங்கிய இடைவெளி மூடவில்லை. இறப்பர் வளையங்களை அவள் ஒழுங்காக அணிவதில்லையென்று அங்கே பழி கூறப்பட்டது. தாயாரும் அதனை நம்பியிருந்தார். “பிள்ளை, மருந்து ஏதும் எடுக்கிறீரா?” என்றேன். “இல்லை, டொக்டர்” என்றாள். பழைய அட்டையிலும் “இல்லை” என்றே இருந்தது. “தலையிடித்தால் என்ன செய்வீர்?” என்று வினாவினேன். அம்மம்மாவின் முழங்கால் நோக் குளிசையிற் பாதி. அதுவும் சோதனைப் படிப்புத் தொடங்கிய நாள்முதல் ஏறக்குறைய நாடோறும்! அது மருந்தென்று அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டிலுள்ளது மருந்தாகுமா?

தலையிடிக்குக் கண் வைத்தியரிடம் அனுப்பினோம். மூக்குக்கண்ணாடி வந்தது, குளிசை நின்றது. பின்னர் இடைவெளி மூடத் தொடங்கியது. குளிசையே முழுக் காரணமென்று அறுதியிட்டுக் கூறேன். எனினும் அப்பிள்ளை இறப்பர் வளையங்களை அணிந்தே வந்தாளென்பதைத் தாயார் ஏற்றுக்கொண்டார். எனக்கு அதுவே பெரிதாய்ப் பட்டது.

வயது வந்தோரும் இந்நாளிற் கம்பி கட்ட வருகின்றனர். அவர்களிடத்துச் சிக்கல் இன்னும் பெரிது. என்புத்தேய்வுக்கு வாரமொருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேற், என்பை அரிக்கும் கலங்களையே அடக்குவது. நிறுத்திய பின்னரும் பல்லாண்டுகள் என்பிற் தங்குவது. இவ்வினத்து மருந்தெடுப்போர்க்குப் பல் பிடுங்கிய பின் தாடையென்பு இறந்துபோதல் அரிதாய் நேர்வதுண்டு; 2003ஆம் ஆண்டிலேயே இது வைத்திய உலகின் கவனத்துக்கு வந்தது. நெடுநாள் ஸ்ரெரொயிட் எடுப்போரிற் பல் விரைந்து நகர்ந்து, விரைந்தே பழைய இடத்துக்கு மீளவும் கூடும். வலிப்புக்குரிய பெனிற்றோயின் முரசைத் தடிக்கச் செய்து இடையூறு விளைக்கும்.

இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளனவே. எம் தொழிலாருட் பலர் கம்பியைப் பார்க்குமளவுக்கு ஆளைப் பார்ப்பதில்லையென்பது என் துணிபு. இப்போது நான் அட்டையிலுள்ள வினாவோடு நிற்பதில்லை. ஞாயிறு காலை வெறுவயிற்றில் எடுக்கும் குளிசை உண்டா, மூட்டு நோவுக்கு என்ன, தலையிடிக்கு என்ன, வீட்டில் யாருடைய மருந்தைப் பங்கிடுகின்றீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்கின்றேன். சிலர் கைப்பையைத் திறந்து மேசைமேற் கொட்டிவிடுகின்றனர்.