முருங்கன் மண்

மதவாச்சியிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், முருங்கனை அண்மியதும் நிலம் கருமை கொள்கின்றது. கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் பூமி இது. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களிமண் சென்றதும் இப்பகுதியிலிருந்தே. மாணவர் சிலருடன் ஒரு கோடை விடுமுறையில் நாம் அங்கு சென்றபோது, அறுவடை முடிந்த வயல்கள் கை நுழையுமளவுக்கு வெடித்துக் கிடந்தன.

"மாரியில வந்து பாருங்கோ மாஸ்ரர். வைச்ச காலை இந்த மண் விடாது" என்றார் வயலுக்குரிய பெரியவர்.

அன்று மாலை, நுளம்புக்கடிக்கு இளஞ்சிவப்பான கலமைன் மருந்தைப் பூசிய மாணவி ஒருத்தி, போத்தலின் சீட்டைப் படித்துவிட்டு, "பென்ரனைற் என்றால் என்ன சேர்?" என வினவினாள். நாம் வயலைச் சுட்டிக்காட்டி, "அதன் உறவினர் அங்கே கிடக்கின்றார்" என்றோம்.

பென்ரனைற் எரிமலைச் சாம்பல் மாறி உண்டான களிமண். 1898 இல், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மண்ணுக்கு இப்பெயர் இடப்பட்டது. அதன் தலையாய கனிமம் மொன்மொரிலோனைற். முருங்கன் மண் மாரியில் வீங்குவதும் கோடையில் வெடிப்பதும் அக்கனிமக் குடும்பத்தின் குணமே.

இக்கனிமம் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய தகடுகளால் ஆனது. இடையே நீர் புகுந்தால் வீங்கும், நீங்கினால் சுருங்கும். தகட்டின் முகத்தில் மறையேற்றமும் விளிம்பில் நேரேற்றமும் இருப்பதால், நீரிலே ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் முகத்தைப் பற்றிச் சீட்டுக்கட்டால் அமைத்த வீடுபோல நிற்கும். அவ்வீட்டின் அறைகளிற் சிக்கிய மருந்துத்தூள் விரைவில் அடியிற் படியாது. போத்தலைக் குலுக்கினால் வீடு சரிந்து மருந்து இளகும். அசையாது வைத்தால் மீண்டும் தடிக்கும். முகப்பூச்சுகள் பலவற்றுக்குத் தடிப்புத் தருவதும் இதே தத்துவமே.

மறுநாட் காலை, அம்மாணவியின் பையிலே களிமண் பொதி ஒன்றைக் கண்டோம்.

"முகத்துக்குப் பூசத்தான் சேர்" என்றாள்.

நாம் திடுக்கிட்டோம். எமது பாடம் அரைகுறையாய் நின்றுவிட்டது! பூச்சுக்குச் சேரும் களிமண் மணல் நீக்கித் தூய்தாக்கப்பட்டு, கிருமியும் நச்சுலோகமும் உளவோவெனச் சோதிக்கப்பட்டது. வயல் மண்ணிலோ கிருமிகளும் உண்டு. தெளித்த பூச்சிமருந்தின் எச்சமும் இருக்கலாம். குடும்பம் ஒன்றாயினும் வளர்ப்பு வேறன்றோ? இதனை விளக்கியதும் அவள் பூசும் எண்ணத்தைக் கைவிட்டாள். மண்ணை மட்டும் கைவிடவில்லை. இன்று அது எமது ஆய்வுகூட அலுமாரியில், முருங்கன் என்ற பெயர்ச்சீட்டுடன் இருக்கின்றது.