வலிமையும் நம்பகமும்: மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் எதை எதிர்பார்க்கலாம்?

 

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் ஊர்களில் பிள்ளை படித்து முடித்ததும் பாஸ்போர்ட் எடுப்பதே அடுத்த வேலையாக இருந்தது. துபையிலோ ஜித்தாவிலோ இருக்கும் மாமா விசா அனுப்புவார். பிள்ளை புறப்பட்டுப் போகும். இன்று அதே வீடுகளின் பிள்ளைகள் பொறியியல் முடித்துவிட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களின் வாசலில் நிற்கின்றனர். விசா அனுப்பிய மாமாவால் இந்த வாசலைத் திறந்துவிட இயலாது. உள்ளே என்ன நடக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரிவதில்லை. தெரியாமையால் அச்சம் வருகிறது. அச்சப்படுபவரைத் தேடிக் குறுக்குவழி விற்பவர்களும் வந்துவிடுகின்றனர்.

நாம் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர். கணினி எமது துறையன்று. ஆயினும் எம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர்கள் பலர் இத்துறையில் இருக்கின்றனர். நேர்காணலுக்குப் போகுமுன் துஆச் செய்யக் கேட்டு வருபவர்களும் உண்டு. பிறரை நேர்காணல் செய்யும் பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. இரு சாராரிடமும் கேட்டறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகருக்கு வந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் ஓதுகிறோம். கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் நீர் புகட்டினார்கள். பின்னர் அப்பெண்களில் ஒருவர், அவரைப் பணியில் அமர்த்திக்கொள்ளுமாறு தம் தந்தையிடம் கூறியபோது இரண்டு தகுதிகளைச் சுட்டினார்: வலிமை, நம்பகம். தந்தையோ, தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், எட்டு ஆண்டுகள் பணிபுரிய வேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது அவர் விருப்பம் என்றும் நிபந்தனையை முன்கூட்டியே தெளிவாகப் பேசினார். இன்றைய நேர்காணலின் சுற்றுகள் எத்தனையானாலும் அவை இந்த மூன்றையே தேடுகின்றன: செய்யும் ஆற்றல் உண்டா, நம்பலாமா, நிபந்தனைகள் பொருந்துமா?

வலிமையைச் சோதிக்கும் சுற்றுகள்

கல்லூரி வளாகத் தேர்வில் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கின்றன. அரியர் நிலுவையில் இருக்கக்கூடாது என்கின்றன. அதன்பின் இணையவழித் தேர்வு. கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், ஓரிரு நிரல்கள் என அது அமையும். பலர் இச்சுற்றிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, நேரப் பழக்கமின்மை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவருக்கு இது பெருந்தடையாக இராது.

அடுத்தது தொழில்நுட்பச் சுற்று. பெரும்பாலும் 45 நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம். ஒரு கணக்கைக் கொடுத்து, தம் கண்முன்னே நிரல் எழுதச் சொல்வார்கள். அதன் தன்மையை நம் வீட்டு மொழியில் சொல்லிப் பார்ப்போம். பள்ளிவாசலின் சந்தா நோட்டில் 1,000 பெயர்கள் உள்ளன; இருமுறை எழுதப்பட்ட பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களுடனும் ஒப்பிட்டால் 4,99,500 ஒப்பீடுகள் ஆகும். மாறாக, படித்த பெயர்களை உடனே தேடியெடுக்கும் வகையில் அடுக்கிவைத்துக்கொண்டே போனால், நோட்டை ஒருமுறை புரட்டினால் போதும். முதல் வழியும் சரியான விடைதான். ஆனால் பெயர்கள் பத்து இலட்சமானால் அது திணறிவிடும். இரண்டாவது வழிக்கு நினைவகம் கூடுதலாகத் தேவைப்படும். இந்த இலாப நட்டத்தைப் பிள்ளை எடுத்துச் சொல்கிறதா என்பதையே அவர்கள் கவனிக்கிறார்கள்.

அதற்கும் முன்பாக ஒன்றுண்டு. கணக்கைக் கேட்டவுடன் எழுதப் பாயாமல், "அப்துர் ரஹ்மான் என்ற பெயரில் இருவர் இருக்கலாமே, தந்தை பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கும் பிள்ளையை அவர்கள் விரும்புகிறார்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் பலர் இங்குதான் தயங்குகின்றனர். உண்மையில், புரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி இங்கு மதிப்பெண்ணைக் கூட்டும்.

நேர்காணல் செய்யும் எம் மாணவர் ஒருவர் சொன்னது மனத்தில் நிற்கிறது: "ஹஜ்ரத், நம்ம பசங்க தப்பா சொல்லி வெளியே போறதில்ல, பேசாமலே இருந்து வெளியே போறாங்க." மனத்தில் ஓடுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். வழி தவறினால் எதிரே இருப்பவர் சிறு குறிப்பொன்று தருவார். தராவீஹில் இமாம் ஓர் ஆயத்தில் தடுமாறினால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் எடுத்துக்கொடுக்கிறார். இமாம் அதை ஏற்றுத் தொடர்கிறார். அதில் யாருக்கும் இழிவில்லை. நேர்காணலிலும் எடுத்துக்கொடுக்கப்பட்ட குறிப்பைப் பற்றிக்கொண்டு மேலே செல்பவர் தேறுகிறார். காதில் வாங்காமல் தம் வழியையே பிடித்து நிற்பவர் பின்தங்குகிறார்.

அனுபவம் உள்ளவர்களுக்கு வடிவமைப்புச் சுற்றும் உண்டு. காலை 10 மணிக்குத் தட்கல் முன்பதிவு திறக்கும்போது ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் வந்தால், ஒரே இருக்கை இருவருக்குப் போகாமல் எப்படிக் காப்பீர்கள் என்பது போன்ற கேள்விகள் வரும். இதற்கு ஒரே ஒரு சரியான விடை இல்லை. ஏன் இப்படிச் செய்தோம் என்று காரணம் காட்டத் தெரிய வேண்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சமே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகப் பெரிது. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு அல்லாஹ்விடம் கேட்டார்கள்; தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். துஆவும் துணையும் சேர்ந்தே இருந்தன. ஆகவே துஆ ஓதும் பிள்ளை, ஒரு நண்பரை எதிரே அமர்த்திப் பேசிப் பழகவும் வேண்டும். பிழையில்லாத ஆங்கிலத்தை எவரும் கேட்பதில்லை. புரியும்படிப் பேசினால் போதும்.

நம்பகம் சோதிக்கப்படும் இடம்

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை எம்மிடம் வந்தார். மகன் படித்து முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் வேலை அமையவில்லை. வீட்டில் திருமண வயதில் ஒரு மகளும் இருக்கிறார். மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தயாரித்துக் கொடுக்க ஒருவர் பணம் கேட்கிறார். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்பது அவர் கேள்வி. "எல்லாரும் செய்றாங்க, ஹஜ்ரத். பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் போனான்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அவரிடம் நாம் இரண்டு செய்திகளைச் சொன்னோம். முதலாவது மார்க்கம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு அவ்வணிகரைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. பொய் அனுபவம் எழுதிய ரெஸ்யூம் அத்தகைய குவியல்தான். இரண்டாவது நடைமுறை. பல நிறுவனங்கள் பணியில் சேர்ந்த பின்னரும் பின்னணியைச் சரிபார்க்கின்றன. வருங்கால வைப்பு நிதியின் யூ.ஏ.என். கணக்கில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாகியிருக்கும். பொய் வெளிப்பட்டால் ஓராண்டு கழித்தும் வேலை போகும். அடகு வைத்த நகையும் மீளாது.

அந்த இளைஞர் ஏழு மாதங்கள் காத்திருந்து, கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். சம்பளம் பக்கத்து வீட்டுப் பையனுடையதில் பாதிகூட இல்லை. தந்தையின் முகத்தில் வருத்தம் இன்னும் முழுமையாக நீங்கவில்லை. நேர்மையாளருக்கு உடனே கதவு திறக்கும் என்று நாம் எவருக்கும் வாக்களிக்கவில்லை. திறக்கும் கதவு எதுவாயினும், அதன் வழியே வரும் உணவை அச்சமின்றி உண்ணலாம் என்று மட்டுமே சொல்கிறோம்.

இணையவழி நேர்காணலில் வேறொருவரை அமரவைப்பதும், திரையின் ஓரத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் திறந்து வைத்து வாசிப்பதும் இதே வகையைச் சேர்ந்தவையே. கண் ஓடும் திசையும், கேள்விக்கும் விடைக்கும் இடையிலான விசித்திர மௌனமும் பழகியவருக்குப் புலப்பட்டுவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் என்ன வெட்கம்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள். "இதை நான் பயன்படுத்தியதில்லை, எனக்குத் தெரிந்த அளவில் இப்படி யோசிப்பேன்" என்ற விடை நேர்காணலில் மதிக்கப்படும் விடையே.

நிபந்தனைகளைப் பேசும் சுற்று

இறுதியில் மனிதவளப் பிரிவினர் பேசுவார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், குழுவில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்ற வரிசையில், நடந்ததையே சுருக்கமாகச் சொன்னால் போதும்.

பிள்ளையும் கேட்க வேண்டியவை உண்டு. ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், விலகல் அறிவிப்பு எத்தனை நாள், இரவுப் பணி உண்டா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா? நிறுவனம் உருவாக்குவது சூதாட்டச் செயலியா என்பதும் சேர்வதற்கு முன்பே அறிய வேண்டியது. நேர்காணல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வைக்கப்பட்டால், நேரம் ஒதுக்கப்பட்ட அன்றே பணிவாக மின்னஞ்சல் எழுதி மாற்றக் கேட்கலாம். கடைசி நேரத்தில் கேட்பதுதான் சங்கடம் தரும். வேலை தர முன்பணம் கேட்பவரிடம் மட்டும் எதையும் பேச வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெளியூரில் தங்கலாமா, இரவுப் பணி ஏற்கலாமா என்பதை நேர்காணலுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அவள் எல்லாச் சுற்றுகளிலும் தேறி வந்தபின் "வேண்டாம்" என்பது அவளுடைய உழைப்புக்குச் செய்யும் அநீதி.

தேர்வாகாமல் திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை பேர் தேறினார்கள்?" என்று கேட்காதீர்கள். "என்ன கேட்டார்கள்?" என்று கேளுங்கள். அதை அன்றே எழுதி வைத்தால், அடுத்த நேர்காணலுக்கு அதுவே பாடநூல். அதே நிறுவனத்தில் சில மாதங்கள் கழித்து மீண்டும் முயலவும் வழியுண்டு.

இத்துறையில் இருக்கும் சகோதரர்களே! இஷாவுக்குப் பின் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மஹல்லாவின் பிள்ளை ஒருவரை எதிரே அமர்த்தி, உண்மையான நேர்காணல் போலவே கேள்வி கேளுங்கள். சகோதரிகளுக்குச் சகோதரிகள் செய்யலாம். விசா அனுப்பிய மாமாக்களின் இடத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஆற்றலையும் அமானிதத்தையும் ஒருசேர வழங்கி, ஹலாலான ரிஸ்கில் பரகத் செய்வானாக. ஆமீன்.