வாய்தா

ஜூன் 9
விடியற்காலை ஐந்தரைக்கு மகள் வந்து இறங்கினாள். பெங்களூரு பஸ், கோயம்பேட்டிலிருந்து ஆட்டோ, கையில் ஒரே பெட்டி. "லீவு போட்டிருக்கேம்மா" என்றாள். டிகாஷன் இறங்கும்வரை இருவரும் பேசாமல் ஃபில்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜூன் 10
சேம்பர் டைரியில் வாய்தா தேதிகளைத் தவிர எதுவும் எழுதிப் பழக்கமில்லை. இதை அதன் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இருபத்தேழு வருஷமாகக் குடும்ப நீதிமன்ற வழக்குகள்தான். எதிரே வந்து உட்காரும் பெண்ணிடம் முதலில் கேட்பது: "எப்போ ஆரம்பிச்சுது? தேதி ஞாபகம் இருக்கா?" அழுகையை மனுவில் எழுத முடியாது, தேதியை எழுதலாம். அப்புறம் நகை ரசீது, கல்யாண ஆல்பம் யார் கையில், அவர் சம்பளம் எவ்வளவு.

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். இவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். இந்து திருமணச் சட்டம் 14-வது பிரிவு: ஒரு வருஷம் முடியாமல் விவாகரத்து மனு போட முடியாது, விதிவிலக்கு வேண்டுமென்றால் தனி மனு. பரஸ்பர சம்மதம் என்றால் 13பி: ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சீ. அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஜூன் 11
நாலு இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 14
கேட்டுத் தொலைத்தேன், அதுவும் சேம்பர் குரலில். "உன்மேல கை வச்சாரா?"
தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "எந்தப் பிரிவுல வரும்னு பார்க்கிறியாம்மா?" பாதிச் சோற்றில் எழுந்துபோய்விட்டாள்.

1984-ஆம் வருஷக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை இல்லை. நீதிபதி அனுமதிக்க வேண்டும். எல்லா வழக்கிலும் அனுமதி மனு போட்டு உள்ளே போய்விடுகிறோம். என் வீட்டில் அந்த மனு தள்ளுபடி.

ஜூன் 18
புதுக் கட்சிக்காரர், ஐம்பது வயதிருக்கும். "அடி உதை எதுவும் கிடையாது மேடம். நான் ஊருக்குப் போயிட்டு வந்தா செடியெல்லாம் காய்ஞ்சு கிடக்கும். ஒருதடவைகூட ஒரு சொம்பு தண்ணி ஊத்தினதில்ல." ஜூனியர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "எந்த வருஷத்துலேருந்து?" என்று ஆரம்பித்தான். "இருப்பா, அவங்க சொல்லட்டும்" என்றேன். முக்கால் மணி நேரம் துளசி, நந்தியாவட்டை, மாடியில் வைத்த முருங்கை. மனுவுக்கு உதவுகிற மாதிரி ஒரு வரி கிடைக்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று பையன் நினைத்திருப்பான். வெளியே போய் டீ வாங்கி வந்தான்.

ஜூன் 21
மாப்பிள்ளை போன் பண்ணினார். "அத்தை, அவ சாப்பிடறாளா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். நல்லவனா, விவரமானவனா? போன் வந்த நேரத்தைக் குறித்தேன்: இரவு 9.12. அப்புறம் அடித்துவிட்டேன்.

ஜூன் 22
மொட்டைமாடியில் அவளோடு துணி மடித்தேன். "அப்புறம் சொல்றேம்மா" என்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஜூன் 25
லீவை இன்னும் பத்து நாள் நீட்டியிருக்கிறாள். காலேஜ் காலத்துச் சுடிதார்களையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறாள். பெட்டி ஹாலில் பூட்டியபடியே இருக்கிறது. நாளை எனக்கு மூன்று வாய்தா.