பெயரை மட்டும் கேட்டவர்

1978இல் விவாகரத்து முடிந்தபோது டினா டர்னர் சொத்துக்கு மல்லுக்கட்டவில்லை. இரண்டு கார்களையும் தன் மேடைப் பெயரையும் வாங்கிக்கொண்டார். ரத்தான கச்சேரிகளின் கடன்கள் அவர் தலையில் விழுந்தன.

அந்தப் பெயர் அவர் பெற்றோர் வைத்ததல்ல. டென்னசி மாநிலத்தின் நட்புஷ் என்ற சிற்றூரில் வளர்ந்த ஆனா மே புல்லக்கை ‘டினா டர்னர்’ ஆக்கியவர், பின்னாளில் கணவரான ஐக் டர்னர். 1960இல், முதல் இசைத்தட்டுக்காக. அந்தப் பெயரைத் தனக்கென்று பதிவும் செய்துகொண்டார். இவர் போய்விட்டால் இன்னொருத்தியை அதே பெயரில் மேடையேற்றலாம் அல்லவா? பதினாறு வருட அடி உதைக்குப் பிறகு, 1976இல் டாலஸ் நகரில் ஐக்கை விட்டு வெளியேறியபோது டினாவின் கையில் இருந்தது 36 சென்ட்.

அடித்தவன் வைத்த பெயரை ஏன் கேட்டு வாங்க வேண்டும்? என் அம்மா கேட்டதும் இதைத்தான்: “அந்த ஆளு பேரு இன்னும் எதுக்குடி உனக்கு?” என் முனைவர் பட்டச் சான்றிதழிலும் இரண்டு கவிதைத் தொகுப்புகளிலும் என் பெயரை ஒட்டி நிற்பது முன்னாள் கணவரின் பெயர். அதை எடுத்துவிட்டால் அப்பாவின் முன்னெழுத்துக்குத் திரும்ப வேண்டும். அதுவும் ஓர் ஆணின் பெயர்தானே.

வழக்கு நடந்த வருடத்தில், கல்லூரிக்குப் போகும் பேருந்தில் ‘பிரைவேட் டான்சர்’ தொகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 1984இல் அது வெளிவந்தபோது டினாவுக்கு 44 வயது. காலம் முடிந்துபோன பாடகி என்று இசைத்தட்டு உலகம் கணக்கை மூடியிருந்தது. ‘வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்’ அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. முதலில் அவருக்கு அந்தப் பாட்டே பிடிக்கவில்லையாம். கத்திப் பாடிப் பெயரெடுத்தவர், இதில் குரலை அடக்கியே பாடுகிறார். காதலைச் சந்தேகிக்கும் அந்தச் சொற்கள், பட்டவள் ஒருத்தியின் நிதானத்தோடு வருகின்றன.

அதை எழுதியவர்கள் டெர்ரி பிரிட்டனும் கிரஹாம் லைலும். தலைப்புப் பாட்டு டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர் எழுதியது. காசுக்காக ஆண்கள் முன் ஆடும் பெண்ணின் சொற்கள் ஆண் குரலில் பொருந்தாது என்று அவர் ஒதுக்கிவைத்திருந்தார். ‘பெட்டர் பி குட் டு மி’ எழுதிய மூவரில் ஒருவர் மட்டும் பெண், ஹாலி நைட். அன்பாக நடத்து என்று அதில் டினா கெஞ்சவில்லை, நிபந்தனை வைக்கிறார்.

குறுந்தொகை நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: “தலைவி கூற்றுன்னு சொல்றீங்க மேம், எழுதினது கபிலர்தானே?” நியாயமான கேள்வி. ஔவையாரையும் வெள்ளிவீதியாரையும் தனியாக எடுத்து வாசிக்கச் சொல்வதும் அதனால்தான். ஆனால் டினாவின் பாட்டுகளைக் கேட்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. சொல் யாருடையதாகவும் இருக்கலாம். அதற்குத் தன் மூச்சைக் கொடுத்தவளுக்கும் அதில் பங்குண்டு. பெயரும் அப்படித்தான். ஐக் வைத்தது ஒரு விளம்பரப் பெயர். இரவிரவாக ஆடியும் பாடியும், பிரிந்த பின் கடனடைக்க ஹோட்டல் மேடைகளில் ஏறியும் அதற்கு மதிப்புச் சேர்த்தவர் டினா. தான் சம்பாதித்ததைத்தான் நீதிமன்றத்தில் கேட்டார்.

பிறந்த பெயருக்குத் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு அதுவே விடுதலை. நான் திரும்பவில்லை. அந்தப் பெயரில் விடியவிடிய எழுதியவள் நான், தேர்வுத்தாள் திருத்தியவள் நான், மேடைகளில் வாசித்தவளும் நான். மூன்றாவது தொகுப்பு அச்சுக்குப் போயிருக்கிறது. “அட்டையில எந்தப் பேரு மேடம்?” என்று பதிப்பாளர் தயங்கிக் கேட்டார்.

பழைய பெயரையே போடச் சொன்னேன்.