நேர்முகத் தேர்வில் நாம் கேட்க வேண்டியவை

வளைகுடா நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு ஒரு நேர்முகத் தேர்வில்தான் தொடங்குகிறது. சென்னையிலோ மும்பையிலோ ஒரு விடுதிக் கூடம், வாயில்வரை நீண்ட வரிசை, வியர்த்த கையில் சான்றிதழ்க் கோப்பு. இன்று இப்பள்ளியில் அகரம் பயிலும் மாணவச் செல்வங்கள் இதனை அறியார், தந்தையரும் சொல்வதில்லை. ஆகவே விழா மலரில் இதுபற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். அம்மேசையின் இருபுறமும் அமர்ந்த பழக்கம் நமக்கு உண்டு: முதலில் வேலை நாடி, பின்னர் சார்ஜாவில் ஆள் தெரிவு செய்வோருடன்.

நல்லெண்ணத்தை உண்டாக்குவது எப்படி என்று வினவும் இளைஞரிடம் பலரும் டையைப் பற்றியும் காலணியின் பளபளப்பைப் பற்றியும் பேசுவர். தூய உடையும் காலந்தவறாமையும் வேண்டியவையே. சார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலை வேளையில் சென்றறிந்தவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுவார். ஆனால் தெரிவு செய்வோர் தேடுவது வேறு.

திருச்சி வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை எழுந்தபின் அப்பகுதியில் வெல்டிங் பெருந்தொழிலாயிற்று. 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்குத் தோன்றியது. எண்ணெய்க் குழாய்ப் பணிக்கு வெல்டரைத் தேர்ந்தெடுப்போர் அவரது ஆங்கிலத்தைப் பெரிதாக எண்ணுவதில்லை. 'சிக்ஸ் ஜி' என்னும் தேர்வை வைப்பர். இரு குழாய்த் துண்டுகளை 45 பாகைச் சாய்வில் அசையாதவாறு பொருத்திவிடுவர். குழாயைத் திருப்புதல் கூடாது. வெல்டர்தான் அதனைச் சுற்றி வர வேண்டும். குனிந்தும், அண்ணாந்தும், ஒருக்களித்தும் ஒரே சீராகப் பற்றவைத்தல் எளிதன்று. முடிந்தபின் எக்ஸ்ரே எடுப்பர், அல்லது ஒரு கீற்றை வெட்டி வளைத்துப் பார்ப்பர். வெளியே மினுமினுக்கும் பற்றின் உள்ளே துளையிருப்பின் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

அலுவலக நேர்காணலும் ஏறத்தாழ இதுவே. தன்விவரக் குறிப்பில் எழுதிய வரி ஒவ்வொன்றும் வினாவாகத் திரும்பி வரும். ஐந்து கணினி மென்பொருள்களில் வல்லவர் என எழுதியவரிடம் ஒன்றைப் பற்றி மட்டும் ஆழ்ந்து கேட்போம். "இதில் எனக்குப் பழக்கமில்லை, கற்றுக்கொள்வேன்" என்று நேர்பட உரைத்தவரை நாம் எடுத்துக்கொண்டதுண்டு, அவர் நன்றாகவே பணிபுரிந்தார்.

இறுதியில் "தாங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்று வினவுவது வழக்கம். நம்மவர் பெரும்பாலோர் "ஒன்றுமில்லை, ஐயா" என்று எழுந்துவிடுவர். பணிவு நம் பண்புதான். ஆயினும் நகையை அடகு வைத்துக் கடல் கடக்க இருப்பவர் வாய் மூடியிருப்பது பணிவாகுமா? அடிப்படை ஊதியம் எவ்வளவு, படிகள் எவ்வளவு எனப் பிரித்துக் கேட்க வேண்டும். அமீரகச் சட்டப்படி பணிமுடிவுத் தொகை அடிப்படை ஊதியத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் ஊதியம், அதன்பின் 30 நாள். மொத்தத் தொகையைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் ஊர் திரும்பும் நாளில்தான் இவ்வேறுபாட்டை உணர்கின்றனர். தகுதிகாண் காலம் எவ்வளவு என்றும் கேட்கலாம். அது ஆறு மாதத்தை மீறக்கூடாது. பணியமர்த்தும் செலவைத் தொழிலாளியிடம் வாங்குதலையும் 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் தடுக்கிறது.

தஞ்சைப் பக்கத்து அன்பர் ஒருவர், பல்லாண்டுகளுக்கு முன், 'ஸ்டோர் கீப்பர்' வேலை என்று ஒரு முகவர் சொன்னதை நம்பி வந்து, சுமை தூக்கும் பணியில் அமர்ந்தார். கையொப்பமிட்ட தாள் ஆங்கிலத்தில் இருந்தது, பின்னால் நின்றோர் அவசரப்படுத்தினர், அவர் படிக்கவில்லை. இரண்டாண்டுகள் கடன் அடைக்கவே சென்றன.

2016 சனவரி முதல் அமீரகத்தில் நிலை சற்று மாறியது. ஊரைவிட்டுப் புறப்படுமுன்னரே தொழிலாளி வேலைவாய்ப்புக் கடிதத்தைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். பின்வரும் ஒப்பந்தம் அதற்குக் குறைந்ததாக இருத்தல் ஆகாது. அரபு, ஆங்கிலத்துடன், தொழிலாளி அறிந்த மொழியிலும் அக்கடிதம் இருக்க வேண்டும். இதற்கென அமைந்த பதினொரு மொழிகளுள் தமிழும் ஒன்று! தமிழ் படித்தால் என்ன பயன் என்று வினவும் பெற்றோர்க்கு நாம் இதனை எடுத்துக் காட்டுவதுண்டு.

சென்ற ஆண்டு மூத்த வகுப்பினர்க்கு அத்தகைய கடிதம் ஒன்றினைப் பெயர்களை மறைத்துப் படியெடுத்துத் தந்தோம். "தகுதிகாண் காலம் என்றால் என்ன?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வீட்டிலும் கேட்டு வரச் சொன்னோம். அன்று மாலை அவளை அழைத்துச் செல்ல வந்த தந்தையார், பதினெட்டு ஆண்டுகளாக இங்குப் பணிபுரிபவர், அத்தாளை வாங்கிப் பள்ளிப் படிக்கட்டிலேயே அமர்ந்து கடைசி வரிவரை படித்தார். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்து நின்றாள்.