வயலின் பலகை தந்த பாடம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த நிலப்பரப்பிலுள்ள திருவானைக்காவலில் இசைக்கு என்றும் பஞ்சமில்லை. இத்தலத்தின்மீது ‘ஜம்புபதே’ என்னும் கீர்த்தனையை இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரே (1786–1858), ஐரோப்பியரின் வயலினைக் கற்று, அதனைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்த முன்னோடி. நம் திருச்சபையும் 1963-ஆம் ஆண்டில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாக, தகுதியான பிற கருவிகளுக்கும் வழிபாட்டில் இடம் தரலாம் என்று அறிவித்தது. நம் பங்கின் பாடகர் குழுவிலும் பழைய வயலின் ஒன்று உண்டு. அதனை வாசிப்பவன் பதினைந்து வயதுச் சிறுவன்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான ஒத்திகை நடந்த ஒரு மாலையில், அவன் தடித்த தந்தியை வாசித்தபோதெல்லாம் ‘சிர்ர்’ என்றோர் ஓசை எழுந்தது. வில் ஒரு தந்தியில் ஓட, அடுத்த தந்தியும் உடன் முனகிற்று. நாம் பொறுமை இழந்தோம். “சாதகம் செய்யாமல் இறைவனின் பீடத்தருகே வந்து நிற்கலாமா?” என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். சிறுவன் மறுமொழி கூறவில்லை. வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியேறினான். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தார். “நாள் தவறாமல் இரவு வெகுநேரம் வாசிக்கிறான், சாமி. நீங்கள் சொன்னதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அச்சொல் நம்மைத் தைத்தது. வயலினை எடுத்துக்கொண்டு தஞ்சைக்குப் பேருந்து ஏறினோம். திருச்சியிலிருந்து தஞ்சை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வீணை உருவாகும் ஊர் அது. அங்கு வீணை செய்யும் பெரியவர் ஒருவரின் பட்டறை முழுவதும் பலாமரச் சீவல்கள் இறைந்து கிடந்தன. கரித்தூள் கலந்த மெழுகின்மீது 24 மெட்டுகளைப் பதித்துக்கொண்டிருந்தவர், நம் வயலினை வாங்கித் தந்திகளைத் தளர்த்தினார். விரல்பலகையின்மேல் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

“பையன்மேல் குற்றமில்லை, சாமி. பலகைதான் கெட்டிருக்கிறது” என்றார்.

பின்னர் அவர் விளக்கியதை நம் குடும்பங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். வீணையை விரலால் மீட்டுகிறோம். ஆதலின் அதன் தந்திகள் ஒரே மட்டத்தில் நிற்கலாம். வயலினையோ வில்லால் இழைக்கிறோம். நான்கு தந்திகளும் ஒரே மட்டத்தில் நின்றால், வில் ஒன்றைத் தனியே தொட இயலாது. ஆகவே தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவாகச் செதுக்கப்படுகிறது. அதற்கு இசைய விரல்பலகையும் குறுக்கே வளைந்திருக்கிறது. அவ்வளைவு ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி. இது முதல் வளைவு.

இரண்டாவது வளைவு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சுமார் 27 சென்டிமீட்டர் நீளமுள்ள அப்பலகை, நெடுக்குவாக்கில் நடுவே சிறிது குழிந்திருக்கவேண்டும். அக்குழிவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. தந்தி அதிர்வதற்கு வேண்டிய இடம் அது. தடித்த தந்தி அகலமாக அதிர்வதால், அதன் பக்கம் சற்றுக் கூடுதலாகவே குழியவேண்டும். நம் வயலினில், பல்லாண்டுகளாக விரல்கள் வழுக்கி ஏறி இறங்கியதில் கருங்காலிப் பலகை தடம் விழுந்து தேய்ந்திருந்தது; தேயாத இடம் மேடாக நின்றது. அம்மேட்டில் மோதியே தந்தி ‘சிர்ர்’ என்று ஒலித்தது. போதாதற்கு, குதிரையையும் முன்பு யாரோ தட்டையாக அராவிவிட்டிருந்தனர்.

பெரியவர் அவசரப்படவில்லை. வளைவாக வெட்டிய அச்சுத் தகட்டில் சுண்ணாம்புக்கட்டியைத் தடவிப் பலகையின்மேல் வைத்து எடுத்தார். வெண்மை ஒட்டிய இடமே மேடு. அதனை மட்டும் சுரண்டினார், மீண்டும் தகட்டை வைத்தார், மீண்டும் சுரண்டினார். “அதிகமாக எடுத்துவிட்டால் திரும்ப ஒட்டமுடியாது, சாமி” என்றார். இறுதியில் உப்புத்தாளால் மெருகேற்றிப் புதிய குதிரையையும் பொருத்தினார்.

திரும்பும் வழியெல்லாம் அச்சொற்கள் நம் செவியில் ஒலித்தன. நாம் அச்சிறுவனிடமிருந்து அதிகமாக எடுத்துவிட்டோம் அல்லவா? பிள்ளைகள் மனம் தளர்ந்துபோகாதபடி தந்தையர் நடந்துகொள்ளவேண்டும் என்று புனித சின்னப்பர் கொலோசெயருக்கு எழுதியதை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! பிள்ளைகள் அனைவரையும் ஒரே மட்டத்தில் நிறுத்த முயல்கிறோம். ஒவ்வொருவருக்கும் உரிய உயரத்தைத் தருவதில்லை. அதிர்வதற்கு இடமும் விடுவதில்லை. பின்னர் அபசுரம் எழுகிறதே என்று அவர்களையே கடிந்துகொள்கிறோம்.

அன்று மாலையே அச்சிறுவனின் இல்லத்துக்குச் சென்றோம். “தவறு எம்முடையது, தம்பி, மன்னித்துக்கொள்” என்று அவன் பெற்றோர் முன்னிலையில் கூறினோம். ஒத்திகைக்கு வந்த மற்றவர்களிடமும் அதனையே சொன்னோம். அனைவர் முன்னிலையிலும் இழைத்த குற்றத்தை ஒருவரிடம் மட்டும் அறிக்கையிட்டால் போதாது.

விழா இரவின் திருப்பலியில் அவன் வாசித்தான். ‘சிர்ர்’ என்ற ஓசை எழவில்லை. ஓரிடத்தில் மட்டும் சுரம் சற்றே இறங்கிற்று. அது பலகையின் பிழையன்று, அவனுடைய பிழையே. அதனையும் மறுநாள் அவனிடம் சொன்னோம். தனியே அழைத்து, தணிந்த குரலில்.