ரிச்சி தெருவில் ஒரு சால்டரிங் மேசை

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குள் நுழைகிற கூட்டம் லேப்டாப்புக்கும் கேமராவுக்கும் விலை பேசுவதிலேயே கரைந்துவிடும். மாடிப்படிக்கு அடியிலும் சந்து முனையிலும் சின்ன மேசை போட்டுப் பழுது பார்க்கிறவர்களை, வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால்தான் தேடுவோம். நான் எதுவும் கெட்டுப்போகாமலே தேடிப் போனேன். சால்டரிங்கைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரியவர் முன்னால் பழைய ஆம்ப்ளிஃபயர் திறந்து கிடந்தது. ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறதாம். மல்டிமீட்டரை அவர் தொடவே இல்லை. போர்டைக் கவிழ்த்து, மேசை விளக்கைச் சாய்த்து, "இந்தக் காலைப் பாருங்க சார்" என்றார். ஸ்பீக்கர் சாக்கெட்டின் காலைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்ட விரிசல். சூடாகி ஆறி, வயரைச் செருகிப் பிடுங்கி, வருடக்கணக்கில் விழுந்த விரிசல். ஈயம் சரியாகப் பற்றாத மூட்டுதான் 'டிரை சால்டர்'; தெருவில் இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

25 வாட் அயர்ன். பிட்டை ஈர ஸ்பாஞ்சில் ஒரு இழுப்பு இழுத்தார். அதன் முனை சாக்கெட்டின் காலையும் போர்டின் செம்பையும் ஒரே சமயத்தில் தொட்டது. ஒன்றிரண்டு நொடி பொறுத்து, சால்டர் கம்பியை பிட்டில் வைக்காமல் எதிர்ப்பக்கமாகக் காலில் வைத்தார். கம்பி உருகி, தானாகவே காலைச் சுற்றி ஓடி, விரிசலை மூடியது. முதலில் கம்பியை எடுத்தார், பிறகு அயர்னை. ஆறும்வரை போர்டை அசைக்கவில்லை.

புதிதாகப் பழகுகிறவர்கள் பிட்டில் ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு போய் மூட்டில் அப்புவார்கள். கம்பியின் நடுவே இருக்கும் ரோசின், பைன் மரப் பிசினிலிருந்து வருவது. செம்பின் மேலுள்ள ஆக்சைடை நீக்குவது அதன் வேலை. பிட்டிலேயே அது புகைந்து தீர்ந்துவிட்டால் ஈயம் செம்பைப் பற்றாது, உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். சரியாகப் பற்றிய இடத்தில் கம்பியிலுள்ள வெள்ளீயம் செம்போடு கலந்து மிக மெல்லிய சேர்மப் படலமாகிவிடுகிறது. சால்டரிங் பசை வேலை இல்லை என்பது இதனால்தான்.

மூட்டு பளபளத்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வெள்ளீயமும் காரீயமும் கலந்த 63/37 கம்பிக்கு அது சரி; 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். காரீயம் இல்லாத கம்பி பெரும்பாலும் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், நல்ல மூட்டே மங்கலாகத்தான் இருக்கும். அதனால் பளபளப்பைவிட, ஓரங்கள் செம்போடு வழுக்கிச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே மேல்.

மூக்கைப் பொத்திக்கொண்டேன். "ஈயப் புகையா?" "இல்ல சார், ரோசின்தான்." உண்மைதான், இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது அற்பம். ஆனால் ரோசின் புகையே ஆஸ்துமாவைக் கிளப்பும். பக்கத்தில் ஒரு ஃபேன் இருந்தது. காற்று அவருக்குத்தான், புகைக்கு அல்ல. டீ வந்ததும் கையைக் கழுவாமலே டம்ளரை எடுத்தார். காரீயம் உள்ளே போவது அந்த வழியில்தான். சொன்னேன், சிரித்தார்.

அதற்குள் கல்லூரிப் பையன் ஒருவன் 555 ஐசி போட்ட எல்இடி சர்க்கியூட்டோடு வந்தான். எரியவில்லையாம். பெரியவர் திருப்பிப் பார்த்தார். "சால்டரிங் நல்லாத்தான் வச்சிருக்க தம்பி. எல்இடியைத் திருப்பிப் போட்டுட்ட." உருகிய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் சக்கர் பம்பை அவன் கையில் கொடுத்து, ரொம்ப நேரம் அயர்னை வைக்காதே, செம்புப் பட்டை பிய்ந்து வந்துவிடும் என்று எச்சரித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர்காரரிடம் பணம் வாங்கப் போனார்.